தரையில் நடந்து சேணத்துக்குத் திரும்புவது: குதிரைச் சவாரி சிகிச்சை வகுப்பில் தன்னார்வலராகச் சேர ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை வேப்பேரியில், கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் என்சிசியின் குதிரைப் பிரிவு இருக்கிறது. கல்லூரி நாட்களில் விடியற்காலையில் அங்கே போய் நிற்பேன். லாயத்தின் சாண வாசனையும் ஈர வைக்கோல் வாசனையும் இன்றும் மூக்கில் இருக்கின்றன. அப்புறம் வேலை, கல்யாணம், இங்கிலாந்து என்று இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதற்கிடையில் ஒரு குதிரையைத் தொட்டதுகூட இல்லை.

திரும்பவும் ஏற வேண்டும் என்ற ஆசை வந்தபோது ஒரு நண்பர் சொன்ன யோசனைப்படி, உடற்குறைபாடு உள்ளவர்களுக்குச் சவாரி கற்றுத்தரும் ஒரு மையத்தில் சனிக்கிழமைத் தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஒரு வருஷம் முழுக்க மணலில் நடந்தேன். பிறகுதான் சேணத்தில் ஏறினேன். நீண்ட இடைவெளிக்குப் பிறகு குதிரைக்குத் திரும்ப நினைக்கும் யாருக்கும் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். குதிரையின் முதுகில் இருந்தபோது எனக்குப் புரியாத பல விஷயங்கள் அதன் தோளுக்குப் பக்கத்தில் நடந்தபோது புரிந்தன. முன்பின் குதிரையே ஏறாதவர்களும் இதில் சேரலாம். முதல் பாதி அவர்களுக்கும் சேர்த்தே எழுதியது.

இது என்ன வகுப்பு?

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் நல்ல குதிரையேற்ற வீராங்கனை. 1944-ல் போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே அவருக்கு வலு திரும்பவே இல்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் இன்னொருவர் உதவ வேண்டும். அப்படியும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ட்ரெஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் செலுத்திக் காட்டுவது) தனிநபர் போட்டியில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். 1956-லும் வெள்ளி. உடல் பலவீனமானவர்கள் குதிரை ஏறலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் ஒரு நேரடிச் சாட்சியாக இருந்தார்.

பிரிட்டனில் 1969-ல் 'ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட் அசோசியேஷன்' தொடங்கியது. எல்லோரும் ஆர்டிஏ என்பார்கள். அதன் தலைவர் இளவரசி ஆன். நாடு முழுக்க உள்ளூர்க் குழுக்கள் இருக்கின்றன, அவற்றை ஓட்டுவது பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். அமெரிக்காவில் இருப்பவர்கள் 'பாத் இன்டர்நேஷனல்' அங்கீகரித்த மையங்களைத் தேடலாம். சிங்கப்பூரில் 1982 முதல் ஆர்டிஏ இயங்குகிறது. சிங்கப்பூரில் பிறந்த லாரன்ஷியா டானுக்கு செரிப்ரல் பால்சியும் (மூளை பாதிப்பால் வரும் உடல் இயக்கக் குறைபாடு) காது கேளாமையும் உண்டு. சின்ன வயதில் இங்கிலாந்தில் உடற்பயிற்சிச் சிகிச்சையாகத்தான் அவர் சவாரியைத் தொடங்கினார். 2008 பாராலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்றார். சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் பதக்கங்கள் அவை.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் சாயும், கொஞ்சம் சுழலும். மனிதர் நடக்கும்போது இடுப்பெலும்பு அசைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். எனவே தானாக நடக்க முடியாத ஒரு பிள்ளை குதிரைமேல் உட்கார்ந்தால், அதன் இடுப்புக்கு நடையின் அசைவு கிடைக்கிறது. அரை மணி நேரத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் முறை உடல் தன்னை நிமிர்த்திச் சமன் செய்கிறது. குதிரையின் சூட்டில் இறுகிய தொடைத் தசைகள் இளகுவதைப் பக்கத்தில் நடப்பவரால் கையிலேயே உணர முடியும்.

இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹிப்போதெரபி என்பது பிசியோதெரபிஸ்ட் போன்ற சிகிச்சையாளர் குதிரையின் அசைவைக் கருவியாகக் கொண்டு செய்யும் சிகிச்சை. சிகிச்சைச் சவாரி வகுப்பை நடத்துபவர் சவாரிப் பயிற்சியாளர். அங்கே பிள்ளை சவாரி கற்றுக்கொள்கிறது. உடலுக்கும் மனதுக்கும் வரும் நன்மை அதனோடு சேர்ந்து வருகிறது. தன்னார்வலர்கள் அதிகம் தேவைப்படுவது இந்த இரண்டாவதில். இது செரிப்ரல் பால்சியையோ ஆட்டிசத்தையோ குணப்படுத்தாது. பெற்றோர் யாராவது உங்களிடம் கேட்டால் பதில் சொல்லாமல் பயிற்சியாளரிடம் அனுப்பிவிடுங்கள். நம்பிக்கை தருவதாக நினைத்து நாம் சொல்லும் ஒரு வார்த்தை அவர்கள் வீட்டில் எவ்வளவு கனமாக இறங்கும் என்று நமக்குத் தெரியாது.

முதல் படி: மையத்தைத் தேர்ந்தெடுப்பது

போன் செய்து, ஒரு வகுப்பை வேலிக்கு வெளியே நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல மையம் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளும். பார்க்கும்போது குதிரைகளைக் கவனியுங்கள். உடம்பு வற்றாமல் இருக்கிறதா, குளம்பு வெட்டிச் சீராக இருக்கிறதா, ஒவ்வொரு குதிரையும் ஒரு நாளில் எத்தனை வகுப்பு செய்கிறது என்று யாராவது பலகையில் எழுதி வைத்திருக்கிறார்களா? இதெல்லாம் சரியாக இருந்தால் மற்றதும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பயிற்சி தராமல் முதல் நாளே உங்களை ஒரு பிள்ளையின் பக்கத்தில் நிறுத்துகிற இடம் என்றால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். பரபரப்பான நாளில் ஆள் குறைவு என்பது காரணமே ஆகாது.

சேர்வதற்கு விண்ணப்பம், இரண்டு பேரின் பரிந்துரை, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் வேண்டும். இங்கிலாந்தில் அது டிபிஎஸ். தன்னார்வலர்களுக்கு அரசுக் கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்தில் அதன் பெயர் பிவிஜி. சான்றிதழ் வரச் சில வாரம் ஆகலாம். அதுவரை லாயம் கூட்டலாம், சேணம் துடைக்கலாம். அந்த வாரங்களை வீணென்று நினைக்காதீர்கள். குதிரைகள் உங்களை அறிமுகம் செய்துகொள்வது அப்போதுதான். டெட்டனஸ் ஊசி போட்டுக் காலம் ஆகியிருந்தால் இந்த இடைவெளியில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், குறைந்தது ஒரு பருவம் முழுக்க வர முடியுமா? ஒரு பிள்ளைக்குச் சில சமயம் மூன்று பேர் வேண்டும்: குதிரையை நடத்த ஒருவர், இரண்டு பக்கமும் இருவர். அதில் ஒருவர் வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அன்று சவாரி இல்லை. வாரம் முழுக்க இந்த நாளை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை அது. வர முடியாத நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மாற்று ஆள் பார்ப்பார்கள்.

உடல் தகுதி பெரிதாக வேண்டாம். தளர்வான மணலில் ஒரு மணி நேரம் நடக்க முடிய வேண்டும், சில நொடிகள் குதிரையோடு ஓட முடிய வேண்டும். முதுகு வலி, தோள்பட்டை வலி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். லீடர் (குதிரையை நடத்துபவர்), சைடு வாக்கர் (பக்கத்தில் நடப்பவர்) தவிர வரவேற்பு, கணக்கு, சேணம் பராமரிப்பு என்று வேலைகள் நிறைய உண்டு.

என்ன போட்டுக்கொண்டு போவது

கணுக்கால் மூடிய உறுதியான பூட்ஸ், நீளமான பேண்ட், கையுறை. துப்பட்டா வேண்டாம், தொங்கும் கம்மல் வேண்டாம், வளையல் வேண்டாம். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டு மேல் பட்டனை மூடிக்கொள்ளுங்கள். நீளமான கூந்தலைப் பின்னிக் கொண்டை போட்டுவிடுங்கள். அசையும் பின்னலை எட்டிப் பிடிக்காத குழந்தை இல்லை. செண்ட் அடிக்காதீர்கள். வாசனைக்குச் சட்டென்று கலங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போன் காரிலேயே இருக்கட்டும். எந்தப் பிள்ளையையும் படம் எடுக்கக் கூடாது.

இரண்டாம் படி: குதிரையை வாசிக்கப் பழகுவது

குதிரை ஓடிப் பிழைக்கும் பிராணி. தலையின் இரு பக்கமும் கண்கள் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகிலும் மட்டும் அதற்குத் தெரியாது. எனவே தோளை நோக்கிச் சாய்வாக வாருங்கள், வரும்போதே பேசிக்கொண்டு வாருங்கள். தமிழில் பேசினாலும் ஒன்றும் குறையாது. குரலின் தொனிதான் அதற்குப் போய்ச் சேரும்.

காது இரண்டும் பின்னால் தலையோடு ஒட்டியிருந்தால் எரிச்சல். ஒரு காது முன்னும் ஒரு காது பின்னும் திரும்பிக்கொண்டிருந்தால் கவனித்துக்கொண்டிருக்கிறது. வால் அடிக்கடி சுழல்வது, வயிற்று வாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்கப் பார்ப்பது, எப்போதும் சாதுவாக நிற்கும் குதிரை இன்று நிலைகொள்ளாமல் இருப்பது, இவையெல்லாம் வலியாக இருக்கலாம். 'அதன் குணம் அப்படி' என்று விட்டுவிடாமல் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். சிகிச்சைக் குதிரைக்கு இது லேசான வேலை இல்லை. முதுகில் சமநிலை இல்லாத எடை, இரண்டு பக்கமும் ஒட்டி நடக்கும் ஆட்கள், திடீர்ச் சத்தங்கள் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. அதற்காகப் பேச நம்மைத் தவிர யாரும் இல்லை.

தேய்க்கும்போது கழுத்தில் தொடங்கிப் பின்பக்கம் போங்கள், முடி போகும் திசையில். குளம்பைச் சுத்தம் செய்யும்போது கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனி நோக்கி இழுங்கள். நடுவிலுள்ள முக்கோண மென்பகுதியைக் குத்தக் கூடாது. கையால் கேரட் கொடுப்பது பல மையங்களில் தடை. ஒரு முறை பழகிவிட்டால் பிள்ளைகளின் விரலையும் கேரட் என்று தேடும்.

மூன்றாம் படி: லீடர்

லீடர் குதிரையின் இடது பக்கம், தலைக்கும் தோளுக்கும் நடுவில் நடப்பார். உங்கள் கவனம் குதிரைமேல். பிள்ளையைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. பிள்ளை சிரித்தால் திரும்பிப் பார்த்துவிடுவேன், நான் திரும்பினால் குதிரையும் திரும்பும்.

வலது கை கயிற்றைக் குதிரையின் தாடையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கட்டும். மீதிக் கயிறு இடது கையில், எட்டு வடிவில் மடித்து, மடிப்பின் நடுவைப் பிடித்தபடி இருக்க வேண்டும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள். சேர்ந்த மூன்றாவது மாதம், குளிரில் விறைத்த விரலைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக்கொண்டேன். வேலிக்கு அப்பால் குப்பை லாரி தொட்டியைக் கவிழ்த்த சத்தத்துக்குக் குதிரை ஓரடி விலகியது, அவ்வளவுதான். இரண்டு விரல்கள் மூன்று வாரம் வீங்கிக் கிடந்தன. அது முழு வேகத்தில் ஓடியிருந்தால் விரலே போயிருக்கும்.

திருப்பங்களை அகலமாக எடுங்கள். குறுகலாகத் திருப்பினால் மேலே இருப்பவர் வெளிப்பக்கம் சரிவார். நடையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மெதுவாகச் செய்யுங்கள். 'நிற்கப் போகிறோம்' என்று சொல்லிவிட்டு இரண்டு மூன்று எட்டு வைத்து நிறுத்தினால் பிள்ளையின் உடல் தயாராகும். முன்னால் போகும் குதிரைக்கும் உங்கள் குதிரைக்கும் நடுவே குறைந்தது ஒரு குதிரை நீளம் இடம் விடுங்கள்.

நான்காம் படி: சைடு வாக்கர்

எனக்குப் பிடித்த வேலை இது. பிள்ளையின் முழங்காலுக்கு நேராக, குதிரையோடு ஒட்டாமல் நடப்பீர்கள். எவ்வளவு ஆதரவு தருவது என்று பயிற்சியாளர் சொல்வார். சிலருக்குக் கணுக்காலை லேசாகப் பிடித்தால் போதும். கால் ஆடாமல் இருந்தால் மனம் ஆடாமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. சமநிலை குறைவானவர்களுக்குத் தொடைப் பிடி: பக்கத்துக் கையை அவர் தொடைமேல் குறுக்காக வைத்து, விரல்களால் சேணத்தின் முன்பகுதியைப் பிடிப்பது. கையின் எடையை அழுத்தாதீர்கள். முழங்கை குதிரையின் விலாவில் குத்தக் கூடாது. குத்தினால் அது 'போ' என்று எடுத்துக்கொள்ளும். மறு கை எப்போதும் காலியாக இருக்கட்டும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்க வேண்டும். நீங்கள் கொஞ்சம் இழுத்தால் எதிர்ப்பக்கத்தவர் அதைச் சமன் செய்ய இழுப்பார், நடுவில் பிள்ளை மரப்பாச்சி போல விறைத்து உட்கார்ந்திருக்கும். அப்போது குதிரையின் அசைவு உடம்புக்குள் இறங்காது. பிள்ளை சாய்ந்தவுடன் தூக்கி நிமிர்த்த நம் கை துடிக்கும். அது தானாக நிமிர்வதுதான் பயிற்சி. விழும் அளவு சாய்கிறதா, சமநிலையைத் தேடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கப் பழகுங்கள். சில வாரங்களில் உள்ளங்கைக்கே வித்தியாசம் தெரியும்.

கை வலித்தால் மறைக்காதீர்கள். பயிற்சியாளரிடம் சொன்னால் குதிரையைத் திடலின் நடுவே நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராகப் பக்கம் மாற்றுவார்கள். இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுக்கக் கூடாது.

பேச்சு விஷயத்தில் கண்டிப்பான ஒரு வழக்கம் உண்டு: கட்டளை பயிற்சியாளரின் குரலில் மட்டும். அவர் 'வலது கையை உயர்த்து' என்றால் நாம் மூன்று பேரும் அதையே திரும்பச் சொல்லக் கூடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நான்கு குரலில் வரும் ஒரே வாக்கியம் வெறும் சத்தம். மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். முதலில் அந்த மௌனம் சங்கடமாக இருக்கும். ஏழாவதிலோ எட்டாவதிலோ கை மெல்ல உயரும்.

பிள்ளையின் தலைக்கு மேலாக எதிர்ப்பக்கத் தன்னார்வலரோடு ஊர்க்கதை பேசாதீர்கள். பிள்ளையைப் பற்றி அம்மாவிடம் கேட்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள், அதற்குப் பேச்சு வராவிட்டாலும். பெரியவர்களும் இந்த வகுப்புகளுக்கு வருவார்கள், பக்கவாதத்துக்குப் பிறகு வருபவர்கள் உண்டு. அவர்களிடம் குழந்தையிடம் பேசும் குரலில் பேசுவது பெரிய அவமரியாதை.

எங்கள் மையத்துக்கு ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் வந்தது. முதல் நாள் அந்த அம்மா என்னிடம், "அண்ணா, இது பிள்ளையை விழுத்திப்போடாதோ?" என்று கேட்டார். அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பையனுக்கு ஆறு வயது, பேச்சு மிகக் குறைவு, காதில் விழுவதெல்லாம் வீட்டுத் தமிழ். வகுப்பில் குதிரையை நிறுத்த 'வோ' என்று சொல்லச் சொல்வார்கள். ஐந்து வாரம் அவன் எதுவும் சொல்லவில்லை. நான் பயிற்சியாளரிடம் கேட்டு, அனுமதி வாங்கி, 'போ', 'நில்' என்ற இரண்டு சொற்களையும் லீடருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் வெல்ஷ்காரர். ஏழாவது வாரம் மூலையில் திரும்பும்போது மேலேயிருந்து "நில்" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. லீடர் நின்றார், குதிரை நின்றது. தான் சொன்னதால் இவ்வளவு பெரிய பிராணி நின்றுவிட்டதே என்று அவன் குனிந்து, அதன் கழுத்தைப் பார்த்தபடியே இருந்தான். அப்புறம் "போ" என்றான். வேலியோரத்தில் அவன் அம்மா திரும்பி நின்றுகொண்டு முகத்தைத் துடைத்தார். உங்களுக்கு இரண்டு மொழி தெரியும் என்றால் விண்ணப்பத்தில் அதை எழுதுங்கள்.

ஐந்தாம் படி: ஏற்றம், இறக்கம், அவசரம்

விபத்து நடக்க வாய்ப்பு அதிகமுள்ள நேரம் ஏறும் நேரம். சாய்தளமோ மவுண்டிங் பிளாக் என்ற ஏறுபடியோ இருக்கும், சில இடங்களில் தூக்கும் கருவி இருக்கும். லீடர் குதிரையின் முன்னால் நின்று அதை நேராக, அசையாமல் வைத்திருப்பார். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் நின்று சேணத்தைப் பிடித்து, தாண்டி வரும் காலை வாங்கி வழிகாட்டுவார். ஏற்றிவிடுவது பயிற்சி பெற்றவர் மட்டும். யாரையும் நீங்களாகத் தூக்காதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் நிலையில்லாமல் இருக்கும், அவர்களுக்கு மருத்துவ அனுமதி இல்லாமல் சவாரியே கிடையாது. அந்த விவரம் எல்லாம் பயிற்சியாளரிடம் இருக்கும்.

சேணத்தில் பாதம் வைக்கும் வளையங்களான அங்கவடிகளையும் பாருங்கள். ஒரு பக்கம் ரப்பர் வளையம் மாட்டியவை உண்டு. விழுந்தால் வளையம் கழன்று கால் விடுபடும். அந்த ரப்பர் எப்போதும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். கடிவாள வாரில் ஏணிப்படி போலக் குறுக்குப் பட்டை வைத்தவை, வண்ணம் வண்ணமாகப் பிரித்தவை எல்லாம் உண்டு. 'பச்சையைப் பிடி' என்றால் வாரை எங்கே பிடிப்பது என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

குதிரை மிரண்டால் சைடு வாக்கர்கள் பிடியை விடக் கூடாது. இருவரும் முன்கையைத் தொடைமேல் அழுத்திக்கொண்டு குதிரையோடு போக வேண்டும், லீடர் நிறுத்துவார். அவசரமாக இறக்கச் சொன்னால் கால்களை அங்கவடியிலிருந்து எடுத்து, யார் பக்கம் என்று பயிற்சியாளர் சொல்கிறாரோ அவர் பிள்ளையின் இடுப்பைச் சுற்றி அணைத்துத் தன் பக்கம் இறக்குவார்; லீடர் குதிரையை அப்பால் கொண்டுபோவார். இதைக் காகிதத்தில் படித்துக் கற்க முடியாது. மையத்தில் சக தன்னார்வலரை மேலே ஏற்றி ஒத்திகை பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். யாராவது விழுந்துவிட்டால் திடலில் உள்ள எல்லாக் குதிரைகளும் நிற்க வேண்டும். லீடர் குதிரையை விட்டு ஓடிவரக் கூடாது. விழுந்தவரைத் தொடுவது முதலுதவி தெரிந்தவர் மட்டும்.

ஆறாம் படி: நீங்கள் சேணத்துக்குத் திரும்புவது

மையத்துக் குதிரைகளில் ஓசிச் சவாரி கேட்காதீர்கள். அவற்றின் வேலை நேரம் எண்ணி வைத்தது. சில மையங்களில் குதிரைகளின் பயிற்சிக்கு, எடை பொருந்திய, கை மென்மையான ஆட்கள் தேவைப்படுவார்கள். அவர்களாக அழைத்தால் ஏறலாம். உங்கள் சொந்தச் சவாரிக்கு வேறு பள்ளி பாருங்கள்.

இங்கிலாந்தில் சவாரிப் பள்ளிகளுக்கு 2018 விதிகளின்படி உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். அதைக் கேளுங்கள். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் அங்கீகாரம் இருந்தால் இன்னும் நல்லது. போனில் எடை கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள். சேணத்தோடு சேர்த்து ஆளின் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலான கணக்கு. பல பள்ளிகள் அதற்கும் குறைவாகவே வைத்திருக்கும். மறுத்தால் கனமான குதிரைகள் உள்ள வேறு பள்ளி கிடைக்கும், குதிரையின் முதுகு மட்டும் அதற்கு ஒன்றுதான். 'முன்பு நன்றாக ஓட்டுவேன்' என்று சொல்லாதீர்கள். 'இத்தனை வருஷமாக ஏறவில்லை, நடையிலிருந்து தொடங்க வேண்டும்' என்று சொல்லுங்கள். சாதுவான குதிரை கிடைக்கும்.

ஆறேழு வாரம் முன்பே உடம்பைத் தயார் செய்யுங்கள். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே இறக்கி நிற்பது, ஒற்றைக் காலில் பல் தேய்ப்பது, உட்கார்ந்து எழுவது, இடுப்பின் முன்பக்கத் தசையை நீட்டுவது போதும். மேஜை வேலை பார்ப்பவருக்கு அந்த முன்பக்கத் தசைதான் முதலில் முரண்டு பிடிக்கும். முதுகுத்தண்டு, எலும்புத் தேய்மானம், இதயம் சம்பந்தமான பிரச்சினை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பழைய ஹெல்மெட் பரணில் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். பொதுவாக ஐந்து வருஷத்தில் மாற்றச் சொல்வார்கள். ஒரு முறை விழுந்து அடிபட்டால் அன்றே மாற்ற வேண்டும். கடையில் அளவு பார்த்து வாங்குங்கள். குனிந்து தலையை ஆட்டினால் நகரக் கூடாது. பூட்ஸுக்குச் சிறிய குதிகால் வேண்டும், பாதம் அங்கவடிக்குள் நழுவாமல் இருக்க.

முதல் இரண்டு மூன்று வகுப்பை லஞ்ச் கயிற்றில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பயிற்சியாளர் நடுவில் நின்று நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டுவார். திசையும் வேகமும் அவர் பொறுப்பு, உட்காருவது மட்டும் உங்கள் வேலை. அரை மணி நேரம் போதும்.

எப்போதும் மவுண்டிங் பிளாக்கிலிருந்து ஏறுங்கள், தரையிலிருந்து ஏறினால் குதிரையின் முதுகு ஒரு பக்கம் இழுபடும். வயிற்று வாரைப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் எதுவும் செய்யாமல் நடையை உணருங்கள். குதிரையின் இடது பின்னங்கால் முன்னே வரும்போது உங்கள் இடது இடுப்பு கொஞ்சம் இறங்கும். வலதுக்கு வலது. கண்ணை மூடி 'இடது, வலது' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வருஷம் பக்கத்தில் நடந்தவருக்கு இது இரண்டாவது நிமிடமே பிடிபடும். அந்தத் தாளத்தில் அத்தனை சனிக்கிழமை கால் போட்டிருக்கிறீர்கள்.

காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில். எனக்கு இருந்த பழைய கோளாறு முழங்காலை இறுக்குவது. சேணத்தைக் கவ்விப் பிடித்தால் பாதுகாப்பு என்று உடம்பு நினைக்கிறது. ஆனால் இறுக்கினால் இடுப்பு மேலே எழும்பி ஆட்டம் கூடும். அப்போதெல்லாம் நான் விறைத்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தபோது அவர்களுக்கும் இதே நடந்தது. மூச்சை நீளமாக வெளியே விட்டால் தொடை தானாகத் தளரும்.

ட்ராட் என்பது நடையைவிட வேகமான துள்ளோட்டம். அதில் குதிரை இரண்டு தாளத்தில் போகும். எழுந்து உட்காரும் ட்ராட்டில், குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னே போகும்போது எழ வேண்டும். தோளைக் குனிந்து பார்க்கத் தோன்றும். ஓரக்கண்ணால் பார்த்தால் போதும், தலை நிமிர்ந்தே இருக்கட்டும். கேன்டருக்கு, அதாவது அதற்கடுத்த வேகமான ஓட்டத்துக்கு, அவசரமே வேண்டாம். இளமையில் பாய்ந்த நினைவு மனதில் இருக்கும், தசையில் இருக்காது. நான் ஒன்பதாவது வகுப்பில்தான் கேட்டேன்.

பயம் வரும். இருபது வயதில் விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுவோம். நாற்பத்தைந்தில் வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கூடவே விழும். பயத்தைப் பயிற்சியாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதியில் நடைக்குத் திரும்ப வேண்டும் என்றால் திரும்புங்கள். மையத்தில் ஒரு பிள்ளை 'போதும்' என்று கை காட்டினால் நாம் உடனே நிறுத்துகிறோம், அந்த உரிமை உங்களுக்கும் உண்டு.

வகுப்பு முடிந்ததும் இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு இறங்குங்கள். தரையைத் தொடும்போது முழங்கால் தளர்ந்து கொடுக்கும், சேணத்தைப் பிடித்தபடி ஒரு கணம் நில்லுங்கள். அங்கவடிகளை மேலே ஏற்றி, வாரை ஒரு துளை தளர்த்தி, குதிரையை நீங்களே லாயத்துக்கு நடத்திக்கொண்டு போங்கள், கயிற்றை எட்டாக மடித்து. மறுநாளைவிட அதற்கடுத்த நாள் தொடை அதிகம் வலிக்கும்; வெந்நீர்க் குளியலும் கொஞ்சம் நடையும் போதும். அடுத்த வகுப்பை அப்போதே பதிவு செய்துவிட்டு வாருங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று மையத்தில் ஒரு பிள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உங்களுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.